இறையியல் மாணவனின் ஏழு நாட்கள்

சென்ற பொங்கல் விழாவன்று நம் மன்றத்தில் எல்லோரும் கரும்பு கடித்துக்கொண்டு நின்றபோது, கணிப்பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “எங்களுக்கு ஆய்வுக்கூடம் உண்டு, தேர்வு உண்டு, இரவெல்லாம் கண்விழிப்பு உண்டு. நீங்களோ கடவுளைப் பற்றிப் படிக்கிறவர். கடவுள் எங்கும் ஓடிப்போகப் போவதில்லை. நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள்?” என்றார்.

சுற்றி நின்றவர்கள் நகைத்தார்கள், நானும் நகைத்தேன். விடை சொல்ல வாய் திறப்பதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஓடினேன். அவர் கேள்வியின் நியாயத்துக்கு வேறு சான்று வேண்டுமோ? அன்று சொல்லாமல் விட்டதை இப்பொழுது எழுத்தில் தரும்படி இதழாசிரியர் பணித்திருக்கிறார். தருகிறேன். ஆனால், நண்பர்களே, சற்று நீளும், பொறுத்துக்கொள்க.

நான் இவ்வளாகத்தில் தங்கிப் பயில்பவன் அல்லன். வியாழன்தோறும் சமற்கிருத வகுப்புக்காகக் கணேஷ்கிண்டுக்கு வந்து போகிறவன். என் இருப்பிடம் ஊரின் கிழக்கே நகர் சாலையில் இருக்கிறது. அகமதுநகருக்குப் போகும் சாலை ஆதலால் நகர் சாலை என்று பெயர். அவ்வூர் 2024 முதல் அகில்யாநகர் ஆகிவிட்டது. சாலை மட்டும் பழைய பெயரிலேயே கிடக்கிறது. என் ஏழு நாட்களில் ஐந்தரை நாள் அச்சாலையின் இம்முனையிலும், எஞ்சியது அங்கிருந்து கிழக்கே ரஞ்சன்காவிலும் கழிகின்றன.

முதலில் இறையியல் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாமியார்கள் மந்திரங்களை மனப்பாடம் செய்யும் படிப்பு என்று எண்ணுவோர் பலர். 1109இல் மறைந்த அன்செல்ம் என்னும் அறிஞர் இதற்கு ஓர் இலக்கணம் கூறினார்: நம்பிக்கை தன்னைத் தானே விளங்கிக்கொள்ள முயலும் முயற்சியே இறையியல். முயற்சி என்று சொல்லிவிட்டார் அல்லவா? அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் தூக்கம் போயிற்று.

விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் மூல நூல் வேண்டும். மூல நூல் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருக்கிறது. பழைய உரைகள் இலத்தீனில் இருக்கின்றன. என் ஆய்வுக்குச் சமற்கிருதம் வேண்டும். கடையில் சோப்பு வாங்க மராத்தி வேண்டும். எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். மற்றவை இடமிருந்து வலம். ஒரு நாள் அரைத் தூக்கத்தில் மராத்தி வீட்டுப்பாடத்தை வலப்பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன். ஆசிரியர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கத்தோலிக்க முறையில் படிப்புக்கு மூன்று படிகள். மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத முதற்படி. இரண்டு ஆண்டுகள் கொண்ட இரண்டாம் படி. அதன்மேல் முனைவர் ஆய்வு. நான் இரண்டாம் படியின் இரண்டாம் ஆண்டில் நிற்கிறேன். திருவிவிலியம், கோட்பாட்டியல், அறநெறி, திருச்சபை வரலாறு, திருச்சட்டம், வழிபாட்டியல் என்று முதற்படியில் எல்லாவற்றிலும் கால் நனைத்தாயிற்று. இனி ஓரிடத்தில் மூழ்க வேண்டும். மூழ்கி எழுந்ததற்குச் சான்றாக ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் புனேயைத் தேடி ஏன் வந்தாய் என்பீர்கள். அதில் நம்மவர்க்குத் தொடர்புடைய கதை ஒன்று உண்டு. நகர் சாலையில் இருக்கும் பாப்பிறைக் குருமடம் புனேயில் தோன்றியதன்று. இலங்கையின் கண்டி நகரில் தோன்றியது. இந்தியாவுக்கு இந்தியரே குருக்களாக வேண்டும் என்று பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பிறை 1893இல் அதனை நிறுவினார். கண்டியை அடுத்த அம்பிட்டியாவின் மலைச்சரிவில், இந்தியாவின் பல மொழி மாணவரும் ஒரே கூரையின் கீழ் இலத்தீனில் பாடங் கேட்டனர். 1955இல் குருமடம் புனேக்குப் பெயர்ந்தது. பக்கத்திலேயே இயேசு சபையாரின் தெ நொபிலி கல்லூரி. புனேயில் ஒரு கல்லூரிக்கு மதுரையில் வாழ்ந்தவர் பெயர்! வந்த முதல் நாள் அந்தப் பலகையைக் கண்டதும், அயலூர்ச் சந்தையில் நம் ஊர்க்காரரைக் கண்டாற்போல் இருந்தது.

இனி ஒரு நாளின் நடப்பைச் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். தை மாதத்துப் புனேக் குளிரில் அந்த ஓசையைப்போல் வெறுக்கத்தக்கது வேறொன்றில்லை. ஐந்தரைக்கு அமைதித் தியானம். தியானமா துயிலா என்பது கடவுளுக்கு மட்டுமே தெரியும். ஆறேகாலுக்குத் திருப்பலி. அதன்பின் காலை உணவு: போஹே. அவலைத் தாளித்து வேர்க்கடலை தூவி எலுமிச்சை பிழிந்தது. முதல் மாதம் அமிழ்தம்; ஆறாம் மாதம் அவல்; இரண்டாம் ஆண்டில் அதைப்பற்றிப் பேசுவதில்லை. எட்டரை முதல் பன்னிரண்டரை வரை வகுப்பு. நண்பகலில் சப்பாத்தியும், வரண்-பாத் எனப்படும் பருப்புச் சோறும். பிற்பகலில் அரைமணி தோட்ட வேலை, பின்னர் நூலகம், மாலையில் பந்தாட்டம், மராத்திப் பயிற்சி, மாலைச் செபம், இரவு உணவு. ஒன்பதுக்கு மேல்தான் நாள் எனக்குச் சொந்தமாகிறது. அதிலும் பாடற்குழுவின் ஒத்திகை, உணவுக்கூடக் கணக்கு, நோயுற்ற தோழருக்குக் கஞ்சி என்று ஏதேனும் ஒன்று வந்து நிற்கும்.

இப்படி நாள் முழுவதும் மணி அடித்து மணி அடித்துத் துண்டு துண்டாய்ப் போவதை முதலில் பெருங்கொடுமை என்று எண்ணினேன். ஒரு பத்தி எழுதி முடிப்பதற்குள் மணி. ஒரு கருத்து பிடிபடும் வேளையில் மணி. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் நன்றோ என்று இப்பொழுது ஐயுறுகிறேன். அதற்குக் காரணம் ரஞ்சன்காவில் இருக்கிறது. அங்கே போகுமுன் என் ஆய்வைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பின்னது விளங்காது.

என் ஆய்வு ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. கிரேக்கத்தில் காரிஸ் என்று ஒரு சொல் உண்டு. கேளாமலும் தகுதி பாராமலும் கடவுள் மனிதனுக்குத் தருவதை அது குறிக்கும். இதனைத் தமிழில் எப்படிச் சொல்வது? நானூற்றைம்பது ஆண்டுகளாக இக்கேள்வி ஓடுகிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ காலத்தில், இத்தகைய சொற்கள் பலவற்றைப் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து அப்படியே எடுத்துத் தமிழெழுத்தில் எழுதினார்கள். திருப்பலிக்கு அவர்கள் சொல் ‘மிசா’. தமிழன் காதில் அது ‘மீசை’யாக விழுந்தது! குருவானவர் மீசைக்குப் போகலாம் வா என்று ஒருவன் மற்றொருவனை அழைத்தால் கேட்பவன் என்ன நினைப்பான்?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதைக் கண்டு வருந்தியவர். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்தது இவரைத்தான். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் சமற்கிருதம் கற்றார். காவி உடுத்து, ஒருவேளை மரக்கறி உணவு உண்டு, தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே உரைநடை எழுதினார். ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிருணயம்’ முதலியவை அவர் நூல்கள். முதுமையில் பார்வை மங்கிப்போய், யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் இருந்து, 1656இல் மயிலையில் மறைந்தார். அவர் நடையில் வடசொல் மிகுதி. இன்று படிப்பது எளிதன்று. ஆயினும், கேட்பவன் மனத்தில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கும் சொல்லைத் தேட வேண்டும் என்ற வழியைத் திறந்தவர்களில் அவரே முதல்வர் என்பது என் துணிபு.

அதற்குப் பின்னும் சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடவுளுக்கே எத்தனை பெயர்கள்! பப்ரீசியசு பராபரன் என்றார். 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. காரிஸ் என்பதும் அப்படித்தான்: 1871இன் நூலில் கிருபை, 1995இன் நூலில் அருள். இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. அருள் என்ற சொல்லை எடுக்கும்போது அதனோடு வேறு எவையெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதே என் கேள்வி. திருக்குறளில் இருபத்தைந்தாம் அதிகாரம் அருளுடைமை. சைவத்தில் திருவருள் இல்லாமல் ஒன்றும் அசையாது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் தம் நூலுக்கே ‘திருவருட்பயன்’ என்று பெயரிட்டார். இத்தனையும் தாங்கி வரும் சொல்லைக் கிறித்தவன் வாயிலிட்டுப் பேசும்போது என்ன நிகழ்கிறது? இதற்குத்தான் ஐந்து மொழியும், வியாழக்கிழமைச் சமற்கிருதமும், இத்தனை ஓட்டமும்.

ஓர் ஆறுதல். இந்த வழியில் ஓடிய தமிழர் முன்பும் இருந்தனர். தனிநாயக அடிகளார் உரோமையில் இறையியல் முடித்து முனைவர் பட்டம் பெற்றது 1939இல். ஆய்வு கார்த்தேசு நகரத்துக் குருக்களைப் பற்றியது. வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக வந்தபிறகே தமிழை ஆழக் கற்கத் தொடங்கினார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராக அமர்ந்தார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ காலாண்டிதழ்; 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. இவற்றை நாம் அறிவோம். முப்பது வயதைத் தொட்ட ஒரு முனைவர், பள்ளிப் பிள்ளையைப்போல் இலக்கண நூலை விரித்து வைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளைப்பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

இப்பொழுது சனிக்கிழமைக்கு வருகிறேன். எங்களுள் ஒவ்வொருவருக்கும் வார இறுதியில் ஒரு பணியிடம் உண்டு. சிலர் மருத்துவமனைக்குப் போவர், சிலர் சிறைக்கு. எனக்குக் கிடைத்தது ரஞ்சன்காவ். தமிழ் தெரியும் என்பதால் கிடைத்தது. புனேயிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பகல் ஒன்றரைக்குச் சாலையில் நின்று, சிவப்பு அரசுப் பேருந்தை மறிக்க வேண்டும். இவ்வூரார் அதனை ‘லால் பரி’ என்பர். சிவப்புத் தேவதை என்று பொருள். தேவதையின் சன்னல் எதுவும் மூடாது. வாகோலி நெரிசலைக் கடக்கவே முக்கால் மணி. பிறகு லோணிகந்து, பீமா கோரேகாவ், சிக்ராப்பூர்.

கோரேகாவ் அருகே, 1818ஆம் ஆண்டுப் போரின் நினைவுத்தூண் நிற்கிறது. சனவரி முதல் நாளில் நாடெங்குமிருந்து தலித் மக்கள் இலட்சக்கணக்கில் அங்கே கூடுகின்றனர். அதைக் கடக்கும்போதெல்லாம் அர்விந்த் நிர்மல் நினைவுக்கு வருவார். மராத்திய மண்ணின் இறையியலார். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையில் தலித் இறையியலுக்கு வித்திட்டவர். பிறகு சென்னைக் குருகுலத்தில் அத்துறையை நடத்தியவர். மண்ணில் மிதிபட்டவன் கேட்கும் கேள்வியிலிருந்து இறையியல் தொடங்கட்டும் என்பது அவர் நிலை. தேர்வுக்கு இதனை நன்றாக எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது.

ரஞ்சன்காவ் என்றால் மராத்தியர்க்கு மகாகணபதி. எட்டு விநாயகர் தலங்களுள் ஒன்று. பேருந்தில் பாதிப்பேர் அருகம்புல்லும் தேங்காயுமாக இருப்பார்கள். மறுபாதி தொழிற்பேட்டைக்குப் போவோர். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கார் முதலியவை அங்கே உருவாகின்றன. உங்கள் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு திருகாணியை முடுக்கியவன் நம் தென்காசிப் பக்கத்து ஆளாக இருக்கலாம். அப்படிச் சிலர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கின்றனர். நான் தங்குவது அவர்களுடைய அறையில். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஆறு பேர், முறை மாற்றி வேலை ஆதலால் எந்நேரமும் இருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேசுவதெல்லாம் தணிந்த குரலில்தான்.

ஆறு பேரில் மூவர் கத்தோலிக்கர், ஒருவர் தென்னிந்தியத் திருச்சபையினர், இருவர் இந்துக்கள். சனி இரவு சேர்ந்து செபிப்போம், விரும்பியவர் இருப்பர். ஒருநாள் என் ஆய்வைப்பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். உடனே வழக்கு தொடங்கிவிட்டது. “கிருபைன்னு சொன்னாத்தான் பிரதர் மனசுல ஒட்டுது, சின்னப்பிள்ளையில இருந்து அப்படித்தான் கேட்டிருக்கோம்” என்றார் தென்னிந்தியத் திருச்சபை நண்பர். “அருள் நிறைந்த மரியேன்னு எங்க பாட்டி சொல்லுமே, அதை என்ன செய்ய?” என்றார் கத்தோலிக்கர். அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்தவர், அச்சிறுபாக்கத்துக்காரர், மெல்ல வாய் திறந்தார். “எங்க ஊர்ல அருள்னா வேற தம்பி. அம்மன் அருள் வந்து ஆடுவாங்க. வந்துட்டா அந்த ஆள் அந்த ஆள் இல்ல.”

நான் திகைத்தேன். நூலகத்தில் ஓராண்டு தேடிய எனக்கு இந்தப் பொருள் எதிர்ப்படவில்லை. எதிர்ப்பட்டிருந்தாலும் நாட்டார் வழக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளியிருப்பேன். ஆளையே மாற்றிவிடுவது என்பது பவுலடிகள் சொன்னதற்கு எத்தனை அருகில் இருக்கிறது! அன்றிரவே குறித்துக்கொண்டேன்.

அந்த மூத்தவர்தான் ரஞ்சன்காவ்க் கோயிலுக்கும் என்னை முதலில் அழைத்துச் சென்றவர். இத்தலத்தின் கதையை வழியில் சொன்னார். திரிபுரத்து அசுரனை அழிக்கப் புறப்பட்ட சிவன், பிள்ளையாரை வணங்க மறந்ததால் வெற்றி கிட்டவில்லையாம். இங்கே வணங்கியபின் வென்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். “இதே கதைதான் தம்பி எங்க ஊருக்கும். அங்க பிள்ளையாரைக் கும்பிடாம கிளம்பினதால தேரோட அச்சே முறிஞ்சு போச்சு. அச்சு இறுத்த இடம், அச்சிறுபாக்கம். இங்க வேலைக்கு வந்த அன்னைக்கு இந்தக் கதையைக் கேட்டதும், சரி, நம்ம ஊருதான்னு இருந்துட்டேன்.” ஒப்பியல் இறையியல் என்று ஒரு பாடம் எங்களுக்கு உண்டு, அதன் வகுப்பில் இவ்வளவு தெளிவாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதன்று. சென்ற ஆகஸ்டில், மழை விடாமல் பெய்த ஒரு வாரம், என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டியிருந்தது. அருளுடைமை பற்றிய அத்தியாயம். ரஞ்சன்காவுக்கு இவ்வாரம் வர இயலாது என்று செய்தி அனுப்பினேன். கைப்பேசியை அணைத்துப் பெட்டியில் வைத்தேன். சனி, ஞாயிறு இரு நாளும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். மணிகளுக்குக்கூட அனுமதியோடு விலக்குப் பெற்றேன். அன்பு என்பது உறவின்பால் தோன்றுவது, அருள் என்பது உறவல்லாரிடத்தும் செல்வது என்று பரிமேலழகர் வழிநின்று நான்கு பக்கம். நன்றாக வந்தது. துண்டுபடாத நேரம் கிடைத்தால் எத்துணை எழுதலாம் என்று எனக்குள் மகிழ்ந்தேன்.

ஞாயிறு இரவு பத்துக்குக் கைப்பேசியைத் திறந்தேன். தென்காசிப் பக்கத்து அண்ணன் மூன்று முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை, இரவு வேலைக்குப் போயிருந்தார். செய்தி மறுநாள்தான் தெரிந்தது. சனிக்கிழமை இரவு ஊரில் அவர் தாய் இறந்துவிட்டார். ஞாயிறு பிற்பகலே அடக்கம். புனேயிலிருந்து இரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தாலும் ஊர் சேராது. அடக்கத்தை அக்காள் மகன் கைப்பேசியில் காட்ட, அறையிலிருந்த ஐவரும் சூழ்ந்திருக்க, அண்ணன் சிறு திரையில் பார்த்திருக்கிறார். திங்கள் காலை அழைத்தபோது, “சரி பிரதர், வாரக் கடைசியில வாங்க” என்று மட்டும் சொன்னார். அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டேன். நன்று என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். அண்ணன் அடுப்பில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: “போன வாரம் நீங்க வந்திருப்பியளோன்னு பாத்தேன். இருக்கட்டும். எங்கம்மைக்கு ஒரு பிடி மண்ணு போட முடியல பிரதர். அது பாவமா?”

அறநெறி இறையியலில் இதற்கு விடை உண்டு. அறிவும் மனச் சம்மதமும் இருந்தாலன்றிப் பாவம் ஆகாது. அதையே சொன்னேன். “இல்லண்ணே, வேணும்னு செய்தாத்தான் பாவம்.”

“அது தெரியும் பிரதர்” என்றார். “நான் கேட்டது அதில்ல.”

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. எபிரேயம் இல்லை, கிரேக்கம் இல்லை. சோறு கொதிக்கும் ஓசை மட்டும் கேட்டது. மூத்தவர்தான் தலையை அசைத்து என்னை வெளியே அழைத்தார். அறைக்குப் பின்புறம் ஒரு வேப்பமரம். அதனடியில் மழையில் கரைந்த சிறு மண்மேடு. அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் மண் தள்ளும் நேரம் வந்ததும், இவர் எழுந்து வந்து இங்கே ஒரு கைக்குழி தோண்டியிருக்கிறார். அண்ணனைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தி, “இங்கப் போடு. மண்ணு எல்லாம் ஒரே மண்ணுதான்” என்றிருக்கிறார். அண்ணன் போட்டிருக்கிறார். பிறகு ஐவரும் ஒவ்வொரு பிடி போட்டிருக்கின்றனர். மூத்தவர் அன்றைய இரண்டாம் முறை வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் கூலி போயிற்று. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, வேறொருவர் சொன்னார்.

அன்றிரவு வழிபாட்டு நூலை நான் திறக்கவில்லை. அண்ணனே செபமாலையைத் தொடங்கினார். தென்னிந்தியத் திருச்சபை நண்பருக்கு அது வழக்கமில்லை. இருந்தும் உடன் இருந்தார். மூத்தவர் வாயிற்படியில் உட்கார்ந்து, உள்ளே தூங்கியவர்கள் விழிக்காதபடி கதவைப் பிடித்துக்கொண்டார். பின்னர் எல்லோரும் உண்டோம். சோறு சற்றுக் குழைந்திருந்தது.

மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். எங்கே பிழை என்று பேராசிரியர் கேட்டார். பிழை ஒன்றுமில்லை, இன்னும் எழுத வேண்டியிருக்கிறது என்றேன். ஒரு மாதம் தாமதமாகிறது. கைப்பேசியை இப்பொழுது அணைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஏதோ ஓர் ஓசை. பொங்கலன்று என்னைக் கேட்ட நண்பருக்கு: ஆம், ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரஞ்சன்காவ் அறையில் உள்ளவர்கள் தமிழ் இதழ்கள் இருந்தால் கொண்டுவரச் சொல்கிறார்கள். பழையவையாக இருந்தாலும் தாழ்வில்லை. இரவு வேலை முடிந்து வந்தால் தூக்கம் வரும்வரை படிப்பார்களாம். மன்றத்து நிலைப்பேழையில் பல ஆண்டு இதழ்கள் உறங்குவதை நான் அறிவேன். வாடகைச் சீட்டு எழுத, ஊதியக் கணக்குப் பார்க்க, வைப்புநிதிப் படிவம் நிரப்ப ஆங்கிலமும் மராத்தியும் அறிந்த தமிழர் ஒருவர் உடன் வந்தால் இன்னும் நன்று; எனக்குக் கணக்கு வராது. சனிக்கிழமை பகல் ஒன்றரைக்கு நகர் சாலையில் எங்கள் வாயிலுக்கு எதிரே நிற்பேன். சன்னல் மூடாத பேருந்து. மழைக்காலமாயின் குடை கொண்டுவருக.